கொடி எந்தப் பக்கம் கிழிந்தது?

தாராவியில் கொடி தைக்கும் நஜ்முன்னிசா, இருபது வருடங்களுக்கு முன்னால் செய்யாத ஒரு குற்றத்துக்காகப் போன செவ்வாய்க்கிழமை பிரபலமானாள்.

அதற்கு முந்தின வாரம் ஒரு துணைத் தூதரகத்தின் வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. எந்த நாட்டுத் தூதரகம் என்பது நமக்கு வேண்டாம். அதைச் சொல்லிச் சண்டை போட ஆட்கள் ஏராளமாக இருக்கிறார்கள். கொடியை இறக்கினார்கள் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. நடுவில் யாரோ ஒரு மகராசன் பழைய பத்திரிகைப் படம் ஒன்றைத் தூசிதட்டிப் போட்டான். "இது இவர்களுக்குப் புதிதா? 2006லேயே இந்தப் பெண் சுவரேறிக் குதித்து இதே கொடியைக் கிழித்தாள்."

சுவரேறிக் குதித்தாளாம்! பரணில் இருக்கும் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினாலே கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் அவளுக்கு. ஆனால் படத்தில் இருப்பது அவள்தான். பின்னால் கோஷம் போடும் கூட்டம், பக்கத்தில் தூதரகத்தின் சின்னக் கதவு, முன்னால் முக்காடு போட்ட முப்பது வயதுக்காரி, தோளில் கிழிந்த கொடி. முகம் பளிச்சென்று தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். மழைக்காலத்துக் கடற்காற்று கொடியின் நுனியைப் பிய்த்துவிடும். தூதரகத்தில் புதுக் கொடியை ஏற்றிவிட்டு, பிய்ந்ததை அவளிடம் கொடுப்பார்கள். அவள் நுனியை வெட்டி மடித்துத் தைத்துத் திருப்பித் தருவாள். கொடி நாலு விரல் குட்டையாகும், மறுபடி பறக்கும். அன்றைக்கும் அதற்குத்தான் போனாள். அன்றைக்கென்று பார்த்து வாசலில் வேறு யாரோ ஆர்ப்பாட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர்க் கொடியானாலும் தரையில் படக் கூடாது என்று தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த மரியாதைக்குத்தான் இந்தப் பரிசு.

அவளைத் திட்டியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மகள் சஃப்ரீன் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. புதன்கிழமை காலையில் தலைமையாசிரியை ஷ்யாமளா அவளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா. பேரன்ட்ஸ் கேக்கறா. திங்கக்கிழமைக்குள்ள இது பொய்னு தெளிவாகலேன்னா, கமிட்டி வேற டீச்சரைப் போட்டுடும்" என்று அனுப்பிவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சனிக்கிழமை ரெபேக்கா வந்தாள். இணையத்தில் சுற்றும் படங்கள் மெய்யா பொய்யா என்று சரிபார்த்து எழுதுகிற வேலை அவளுக்கு. தூத்துக்குடிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது ஆண்டாப் ஹில்லில். தையல் மிஷின்களுக்கு நடுவில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ஃபோட்டோ அசல். நாளும் சரி, இடமும் சரி. நீங்க கிழிக்கலைங்கிறதுக்குத்தான் ப்ரூஃப் இல்ல. கான்சுலேட்டுக்கு ரெண்டு மெயில் போட்டேன். பழைய விஷயத்தைப் பத்திக் கருத்து சொல்ல மாட்டாங்களாம்."

"அப்ப என்னன்னு எழுதுவ?"

"'உறுதிசெய்ய முடியவில்லை'ன்னு. எங்க ரூல் அப்படி."

நான்கு நாளாகப் பொய்யைப் பொறுத்துக்கொண்டிருந்தவளுக்கு இது பொறுக்கவில்லை.

"நான் கிழிச்சேன்னு சொன்னானே, அவன்கிட்ட எவனாவது ப்ரூஃப் கேட்டியளா? அவன் வாய்க்கு வந்ததச் சொல்லுவான், நான் மட்டும் சாட்சி கொண்டாரணுமோ? முடியலைன்னு நீ எழுதுனா எம்மக வேலை போயிரும் தெரியுமா? கொண்டா அந்தப் படத்த!"

லேப்டாப்பை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். இத்தனை நாளும் ஊரைப் போலவே அவளும் படத்தில் தன் முகத்தைத்தான் பார்த்துப் பார்த்து நொந்திருந்தாள். இப்போதுதான் கொடியைப் பார்த்தாள்.

"இத பெருசாக்கு. கயிறு கட்டுற பக்கம் இது. கயிறு மாட்டுற மரக்கட்டைகூட அப்படியே இருக்கு. ஒரு தையல் விட்டிருக்கா பாரு! கீழ நின்னு எவளாவது இழுத்தா இந்தப் பக்கம்லா பிய்யும்? கிழிஞ்சிருக்கது எல்லாம் காத்துல ஆடுற நுனி. நார்நாராத் தொங்குது. ஒரே நாள்ல கையால கிழிச்சா இப்படி நாராவுமா? இதக் காத்து கிழிச்சிருக்கு புள்ள, காத்து!"

ரெபேக்கா வேறொரு கோப்பைத் திறந்தாள். அந்தப் படத்தை எடுத்த பத்திரிகைக்காரரிடம் அவர் அன்று எடுத்த மற்ற படங்களையும் வாங்கி வைத்திருந்தாள். எதைத் தேடுவது என்று தெரியாமல் சும்மா புரட்டிவிட்டிருந்தாள். முதல் படம் காலை எட்டு மணிக்கு எடுத்தது. தூதரகத்து வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. கம்பத்தின் உச்சியில் கொடி பறந்துகொண்டிருந்தது. அதன் நுனி ஏற்கெனவே நார்நாராகத்தான் இருந்தது.

"அடக் கடவுளே" என்றாள் ரெபேக்கா. "இது மூணு நாளா என்கிட்டயே இருக்கு ஆன்ட்டி."

ஞாயிறு மாலை முடிவு வெளியாயிற்று. "பொய்" என்று சிவப்பில் போட்டு, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அன்று ராத்திரியே சஃப்ரீனை வேலைக்கு வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை மகளோடு நஜ்முன்னிசாவும் கிளம்பினாள். பஸ்ஸில் ஒன்று கேட்டாள்: "அந்தப் படம் உங்க பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கு எப்படி வந்துச்சு?" சஃப்ரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நஜ்முன்னிசா விடவில்லை. கடைசியில் மகள் போனை நீட்டினாள். இது நம் சஃப்ரீன் மிஸ்ஸின் அம்மா நஜ்முன்னிசா, பெற்றோர் கவனத்துக்கு, என்று இங்கிலீஷில் எழுதிப் படத்தைப் போட்டிருந்தவள் ஷ்யாமளா.

"வேலை கெடச்சுட்டுல்லாம்மா, விட்டுருங்க" என்றாள் சஃப்ரீன்.

ஷ்யாமளா எழுந்து வந்து வரவேற்றாள். "ரொம்ப சந்தோஷம். சஃப்ரீன், நீ கிளாஸுக்குப் போம்மா."

"அவ போவா. மொதல்ல நீங்க குரூப்புல எழுதுங்க" என்றாள் நஜ்முன்னிசா.

"அது சும்மா வந்ததை அனுப்பினேன். இப்ப எல்லாரும் மறந்துட்டா. எதுக்குக் கிளறணும்?"

"மறக்குறவங்களுக்கா அஞ்சு நாளு எம்புள்ளய வீட்டுல உக்கார வச்சிய?"

ஷ்யாமளா முகம் சிவக்கப் போனை எடுத்து எழுதினாள். மகள் வாசித்துச் சொன்னாள்: "மேட்டர் முடிஞ்சிட்டுன்னு எழுதியிருக்காங்க."

"அழிங்க. நான் அனுப்புனது பொய், நஜ்முன்னிசா கொடியக் கிழிக்கல, தைக்கக் கொண்டு போனா, அப்படின்னு போடுங்க. அன்னைக்கு எம்பேர முழுசாத்தான போட்டிய? இன்னைக்கும் முழுசாப் போடுங்க."

மணி அடித்தது. ஷ்யாமளா அழித்துவிட்டு, சொன்னபடியே எழுதி அனுப்பினாள். சஃப்ரீன் தன் போனில் அது வந்ததும் வாசித்துக் காட்டினாள். நஜ்முன்னிசா இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, போனைத் தன் கையில் வாங்கிவைத்துக்கொண்டு மகளை வகுப்புக்கு அனுப்பினாள்.

குரூப்பில் அசைவே இல்லை. படம் வந்த அன்றைக்கு விடிய விடியப் பேசிய குரூப் அது. எல்லோரும் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் மட்டும் விழுந்தன.

"அனுப்பியாச்சே, கிளம்பலாமே நீங்க" என்றாள் ஷ்யாமளா.

நஜ்முன்னிசா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒருத்தராவது பதில் போடட்டும் டீச்சர். அதுவரைக்கும் இருக்கேன்."