வடக்குக் கதவின் தாழ்ப்பாள்

எழுபத்து நான்கில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு ரயில்வே ஸ்டேஷனைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. நான் அங்கே காண்ட்ராக்டரிடம் தினக்கூலிக் குமாஸ்தா. கோவளத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மாறி ஏறி, ஏழு மணிக்குள் வந்துவிடுவேன்.

பெரிய வாசலைக் கீற்றுத் தட்டி கட்டி அடைத்திருந்தார்கள். அத்தனை பயணிகளும் ஒரு ஆள் அகலச் சந்து வழியாகத்தான் போய்வர வேண்டும். தீப்பிடித்தால் கூட்டம் வெளியேறுவதற்கென்று பிளாட்பாரத்தின் வடக்கு முனையில் ஓர் இரும்புக் கதவு. அதற்குப் பூட்டு கிடையாது, தாழ்ப்பாள் மட்டும்.

என்ஜினீயர் சுப்பிரமணி என்னிடம் ஒரு நோட்டு கொடுத்திருந்தார். நாளுக்கு ஒரு பக்கம். வாளிகளில் மணல் இருக்கிறதா, தார் காய்ச்சும் கொப்பரை தட்டியை விட்டுத் தள்ளியிருக்கிறதா, வடக்குக் கதவு திறக்கிறதா என்று தினமும் காலையில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் மாதம் பார்த்தேன். பிறகு திங்கட்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் ஆறு பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டு வைக்கப் பழகிக்கொண்டேன். மிச்சமான நேரத்தில் சிமெண்டு மூட்டைகள்மேல் உட்கார்ந்து நாவல் படித்தேன். எல்லாம் வெளிதேசத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. வெயிலில் வேர்த்துக்கொண்டு, பனியில் யாரோ நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெயிண்டர் தாவீது வந்து நின்றான்.

"பாய், வடக்குக் கதவுக்கு ரெண்டு கோட்டு அடிச்சிக்கிறேன். சனிக்கெழம பெரிய ஆபீசரு வராராமே. பெயிண்டு இறுகிக்கும். நாளைக்குக் காத்தால தாப்பாள ஒருக்கா ஆட்டி வுடு."

"சரி."

"அப்டி இன்னாதான் கீது அந்த புக்குல?"

"சரின்னேனே, தாவீது."

அவன் ஜல்லிக்கூடையோடு போன செங்கம்மாளைக் கூப்பிட்டான். "யக்கா, பாய் கலெக்டருக்குப் படிக்கிறாரு."

"கலெக்டரு மூட்ட மேலயா குந்திகினு கீறாரு?" என்றாள் அவள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். புதன்கிழமை கதவுப் பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணி வண்டி வந்து நின்ற நேரம், தார் பொங்கி வழிந்து பற்றிக்கொண்டது. நிழலுக்காக யாரோ கொப்பரையைத் தட்டியின் ஓரம் நகர்த்தியிருந்தார்கள். கீற்று எரிந்தது. சந்துக்குள் புகை. கூட்டம் வடக்கே ஓடியது. முதலில் போய்ச் சேர்ந்த செங்கம்மாள் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் நெருக்க, அவள் கை கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. கடப்பாறை கொண்டுவந்து கதவைப் பெயர்ப்பதற்குள் இரண்டு விரல்கள் முறிந்துவிட்டன. தீயை மணல் போட்டு அணைத்துவிட்டோம். அவளை ஜீப்பில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மெட்ராஸ் போயிருந்த சுப்பிரமணி சாயங்காலம்தான் வந்தார். பெயர்த்துப் போட்ட கதவைத் தடவிப் பார்த்தார். பெயிண்ட் காய்ந்திருந்தது, என்றைக்கு அடித்தது என்று சொல்ல முடியவில்லை. தாவீதைக் கூப்பிட்டு நிறுத்தி நோட்டைத் திறந்தார்.

"இன்னிக்குக் காலைல கதவு தொறந்ததா எழுதியிருக்கு. அப்போ அதுக்கப்புறம்தான் நீ அடிச்சிருக்கே. வண்டி வர்ற நேரத்துல யாரைக் கேட்டு அடிச்சே? இந்த வெயில்ல சீக்கிரம் இறுகிடும்னு தெரியாதா?"

"செவ்வாக்கெழமையே அடிச்சிட்டேன் சார். கர்த்தர் மேல ஆணையா." தாவீது என் பக்கம் திரும்பினான். "பாய், ஒங்கிட்டதானே சொன்னேன்?"

"ஞாபகம் இல்ல" என்றேன்.

"கிஃபாயத்துல்லா, காலைல தொறந்து பார்த்தியா?" என்று கேட்டார் சுப்பிரமணி.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தாவீதிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் நோட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கம். 'வடக்குக் கதவு: திறந்து பார்க்கப்பட்டது. சரி.' கீழே வளைத்து வளைத்து என் கையெழுத்து. கதவு தண்டவாளத்தின் ஓரத்தில் கோணிக்கொண்டு கிடந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு சுப்பிரமணியிடம் போனேன். அவர் வெள்ளிக்கிழமையைப் பார்த்தார், சனிக்கிழமையையும் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படிச்ச பையன்னுதான்யா உன்கிட்ட குடுத்தேன்" என்றார். "போய் அவனைக் கூட்டிட்டு வா. அப்புறம் நீ வீட்டுக்குப் போ."

தாவீதின் வீடு ஊரப்பாக்கத்தில். வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"நேத்தே வாயத் தொறந்தா இன்னா?"

"பயமா இருந்துச்சு."

"எனக்குப் பயமில்லியா? எம் பொண்டாட்டி கேக்குறா, நெசமா நீ எப்ப அடிச்சேன்னு. நோட்டுல எழுதிக்கீதாமேங்குறா. கட்டிகினு பதினோரு வருசம் ஆவுது பாய்." சட்டைப் பொத்தானைப் போடாமல் நின்றான். "உள்ள வா. அவகிட்ட நீயே சொல்லு."

அவன் மனைவி மார்கரெட் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். நான் பார்க்காமலே எழுதினேன், நோட்டில் இருப்பது பொய் என்று மட்டும் சொன்னேன்.

"சத்தமா சொல்லு" என்றான் தாவீது. "அவளுக்குக் காதுல வுழல."