கயிற்றைப் பிடித்து வருபவர்கள்

வள்ளியாத்தாளுக்கு நாற்பது வயதை நெருங்கும்போது அம்மை போட்டது. உயிரை விட்டுவிட்டுக் கண்களை எடுத்துக்கொண்டு போனது. புருஷன் அதற்கு முன்பே இறந்துவிட்டதால், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே தோட்டத்து வீட்டில் இருந்த தம்பிகள் இருவரும் வண்டி கட்டிப்போய் அக்காவை அழைத்துவந்தார்கள். பெரியவன் நாச்சிமுத்து. சின்னவன் சென்னியப்பன். அப்போது எல்லாருக்கும் ஒரே அடுப்பு.

அவளை எல்லாரும் அன்பாகக் கைபிடித்துக் கூட்டிப்போனார்கள், அவரவருக்கு ஒழிந்த நேரத்தில். தாகம் எடுத்தால் யாராவது வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிட அவசரமானதற்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருநாள் நாச்சிமுத்துவின் மனைவி கமலாத்தாள், நாத்தனாரைக் கிணற்றடியில் விட்டதை மறந்து களை எடுக்கப் போய்விட்டாள். உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் நினைவு வந்து ஓடிவந்தாள். வள்ளியாத்தாள் மறுநாள் தேங்காய் நார் கேட்டாள்.

கயிற்றை அவளே திரித்தாள். சென்னியப்பன் மூங்கில் முளைகளை நட்டுக் கொடுத்தான். அவள் படுக்கும் அறையிலிருந்து கிணற்றுக்கு ஒரு கயிறு, மாட்டுக்கொட்டகைக்கு ஒரு கயிறு, இரண்டும் இடுப்பு உயரத்தில். கல் தட்டும் இடத்தில் ஒரு முடிச்சு, கிணற்று மேடு ஏறும் இடத்தில் இரண்டு. கட்டி முடித்த அன்று கிணற்றுக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தாள். தண்ணீர் முதல் தடவைக்கு மட்டும்தான் தேவைப்பட்டது.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு ரயில் பாதை போட மண் கொட்டிக்கொண்டிருந்த வருஷம், தம்பிகளுக்குள் சண்டை வந்தது. சென்னியப்பன் கேட்காமல் வண்டியை எடுத்துப் போனதால், நாச்சிமுத்து ஒரு கல்யாணத்துக்கு வெயிலில் நடந்துபோய், இலை எடுத்த பிறகு சேர்ந்தான். அவ்வளவுதான். பேச்சு நின்றது. ஊர்ப்பெரியவர்கள் வந்து பாகம் பிரித்தார்கள். மேற்குப் பாதியும் கொட்டகையும் அண்ணனுக்கு, கிழக்குப் பாதியும் கிணறும் தம்பிக்கு. முற்றத்தின் நடுவே மண்சுவர். ஒருவர் பக்கம் மற்றவர் கால் வைக்கக் கூடாது. வள்ளியாத்தாளின் அறை மேற்கே இருந்தது.

சுவர் எழுப்ப வந்த கொத்தனார் பாஸ்கல், இடுப்பு உயரம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க, இந்தக் கயித்த என்ன பண்றதுங்க?”

“அறுத்துப் போடுங்க. அக்காளுக்கு வேணுங்கற தண்ணிய நாங்க வாய்க்கால்ல மொண்டாந்து வெப்போம்” என்றான் நாச்சிமுத்து.

கைக்கெட்டும் தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற சென்னியப்பன் கொத்தனாரிடம் சொன்னான். “அக்காளுக்குக் கெணத்துத் தண்ணியே நாங்க கொண்டாந்து குடுப்போம்னு அவுங்ககிட்டச் சொல்லுங்க.”

பாஸ்கல் திரும்பி, கேட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்துவிடம் அதைச் சொன்னார்.

“ரெண்டு பேரும் நல்லாக் குடுப்பீங்கடா” என்றாள் வள்ளியாத்தாள். “ஆரு வருவாங்கன்னு நான் மறுக்காவும் குத்தவெச்சுட்டு இருக்கோணுமா? கயித்துல ஆரும் கை வெக்கப்படாது.”

பாஸ்கல் கயிறு நுழைய ஓர் ஓட்டை விட்டு மேலே கட்டினார். மறுநாள் வள்ளியாத்தாள் குடத்தோடு கயிற்றைப் பிடித்து வந்தாள். கை மணிக்கட்டுவரை ஓட்டைக்குள் போனது. நெற்றி சுவரில் மோதியது.

“கயிறு போயிருச்சு பாஸ்கலு” என்றாள். “நாந்தான் போகல.”

ஓட்டையை ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. அதற்காகப் பெரியவர்கள் மறுபடி கூடினார்கள். கண் தெரியாதவள் என்று அவள் முன்னாலேயே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. “கயித்தப் புடிச்சுட்டு வர்றவங்க மட்டும் போகலாம், வரலாம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

ஒருநாள் கமலாத்தாள் வீட்டில் பாலுக்கு உறை ஊற்ற மோர் இல்லை. சுவரில் விட்ட சந்து முன்னால் கொஞ்சம் நின்றாள். பிறகு கயிற்றில் கை வைத்து அந்தப் பக்கம் போனாள். சென்னியப்பனின் மனைவி நஞ்சம்மாள் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்த்தாள். கையில் கயிறு இருந்தது. மோர் ஊற்றிக் கொடுத்தாள். சில நாள் கழித்து நஞ்சம்மாளும் அதே போலச் சல்லடை வாங்க வந்தாள். நாச்சிமுத்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தீர்ப்பு அப்படித்தான் இருந்தது. அண்ணனும் தம்பியும் மட்டும் கயிற்றைத் தொடவே இல்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் கிணற்றுக் கயிறு இற்றுப்போனது. வள்ளியாத்தாள் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சந்தருகே உட்கார்ந்து புதுக்கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். அன்று முற்பகல் நாச்சிமுத்துவின் பசுவுக்கு வலி எடுத்தது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்தது. மற்றது வரவில்லை. பசு விடாமல் கத்தியது. கன்று திருப்பத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் சென்னியப்பன் ஒருவன்தான்.

கமலாத்தாள் சுவரைத் தாண்டிக் கேட்கும்படி அலறினாள். சென்னியப்பன் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்து சந்தில் நின்றுவிட்டான். முளைகள் மொட்டையாக நின்றன.

வள்ளியாத்தாள் அவன் காலடியைக் கேட்டு, திரித்த நுனியை நீட்டினாள். “இந்தா, புடி.”

“இன்னும் கட்டவே இல்லீங்களே அக்கா.”

“கட்டுனாத்தான் கயிறா? புடிச்சுட்டு வாடா.”

அவள் ஒரு கையால் கொட்டகைக் கயிற்றைப் பற்றி, மறு கையில் புதுக்கயிற்றோடு முன்னால் நடந்தாள். சென்னியப்பன் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான்.

“வாலப் புடிங்கண்ணா” என்றான் உள்ளே போனதும்.

“புடிச்சிருக்கேன்.”

“இன்னுங் கெட்டியா.”

கிடேரிக்கன்று. சற்று நேரம் அசையாமல் கிடந்தது, பிறகு தும்மியது. நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தான், வெகுநேரம் துடைத்தான். சென்னியப்பன் கை கழுவிவிட்டு, வைக்கோலில் கிடந்த கயிற்று நுனியைத் தேடி எடுத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான்.

சுவரை யாரும் இடிக்கவில்லை. ஆனால் அதன்பின் இருவரும் பேசிக்கொண்டார்கள், மாடுகளைப் பற்றி மட்டும். அதில் பேச நிறைய இருந்தது.

கயிறு கட்டி முடிந்ததும் வள்ளியாத்தாள் மறுபடி நார் கேட்டாள்.

“இன்னும் எதுவரைக்குங்க அக்கா?” என்றான் நாச்சிமுத்து.

“வாய்க்கா வரைக்கும்.”

“அங்க ஒண்ணுமில்லீங்களே.”

“இல்லீன்னு நானே போய்த் தெரிஞ்சுக்கறேன்.”

தை மாதம் தம்பிகள் இருவரும் முளை நட்டார்கள். முதல் நாள் தனியாகப் போனவள், பொழுது சாய்ந்த பிறகு முழங்கால்வரை சேலை நனைந்து திரும்பிவந்தாள்.

“நங்கை, அங்க என்னங்க இருந்துச்சு?” என்று நாத்தனாரைக் கேட்டாள் கமலாத்தாள்.

“தண்ணி” என்றாள் வள்ளியாத்தாள்.