ஏறாத கோடு

அண்ணன் மறுபடி கூப்பிட்டபோதும் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆற்றுப் பாலங்களின் அடியில் தொங்கும் மானிகள் கால் மணிக்கு ஒருமுறை அனுப்பும் நீர்மட்டம் அந்தத் திரையில் கோடுகளாக ஓடும். காலையிலிருந்து அவளுக்குத் தெரிந்தது ஒரே கோடுதான், அண்ணன் வீட்டுப் பக்கத்துப் பழைய பாலத்தின் கோடு. சுவரில் சாய்த்த ஏணி மாதிரி அது ஏறிக்கொண்டே இருந்தது. அலுவலகம் இருந்த ஊரில் நல்ல வெயில். எதிர்மாடியில் யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள்.

"பாப்பா, பக்கத்து வீட்டுக்காரர் வேனோட வாசல்ல நிக்கிறாரு. பின்னாடி அண்ணிய படுக்கவெக்க இடம் இருக்காம். கிளம்பவா வேணாமா? உன் கோடு என்ன சொல்லுது?"

அண்ணன் லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவர். மழை வருகிறதா என்று பார்க்க இவள் ஜன்னலைத் திறக்கமாட்டாள், கம்ப்யூட்டரைத்தான் திறப்பாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார், ஆனால் அவளைக் கேட்காமல் குடைகூட எடுக்கமாட்டார். போன மழைக்கு அவள் பேச்சைக் கேட்டுத்தான் இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகியிருந்த அண்ணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தண்ணீர் தெருமுனையைக்கூட எட்டிப்பார்க்கவில்லை. வண்டி குலுங்கித் தையல் பிரிந்து, அண்ணி திரும்பவும் ஆஸ்பத்திரியில் கிடந்ததுதான் மிச்சம்; இன்னும் எழுந்து நடக்க முடியவில்லை. அண்ணி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அடுத்த தடவ ஆத்தையே நேர்ல வரச்சொல்லு, நானே கேட்டுக்கறேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு தங்கைக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

இப்போது கோடு ஏறாமல் கிடையாக மடங்கியிருந்தது. முந்தைய அளவும் இதே எண், அதற்கு முந்தையதும் இதே எண். நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"நின்னுடுச்சுண்ணே. ஏறல. அண்ணிய அலைக்கழிக்காதே."

"நிஜமாவா?"

"கண்ணால பாத்துட்டுதானே சொல்றேன்."

போனை வைக்காமலே அவர் வாசலைப் பார்த்துச் சொன்னது கேட்டது. "நீங்க கிளம்புங்க சார், எங்க தங்கச்சி சொல்லிட்டா." வேனின் கதவு சாத்தப்பட்டது. வண்டி நகர்ந்து போகும் சத்தமும் கேட்டது.

சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு வந்தார் பெரிய இன்ஜினியர். புள்ளிக்குப் பிறகு வரும் எண்களை விடவே மாட்டார் என்பதால் அறையில் அவருக்குத் தசமம் என்று பெயர். "பழைய பாலம் நின்னுடுச்சு சார்" என்று அவள் உற்சாகமாகச் சொன்னாள். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கடைசி தசமம்கூட மாறலையேம்மா."

"அதான் சார், நின்னுடுச்சு."

"ஆறு அப்படி நிக்காது. சும்மா கிடக்கற நாள்லயே கடைசி எண் ஆடிக்கிட்டேதான் இருக்கும்." அவர் குரல் தணிந்தது. "தண்ணி மானியைத் தொட்டுடுச்சு. அதுக்கு மேல அதால அளக்க முடியாது. எவ்வளவு ஏறினாலும் இதையேதான் சொல்லும்."

அவர் திட்டவில்லை. எச்சரிக்கை கொடுக்க வேண்டிய அலுவலகத்துக்கு விறுவிறுவென்று எண்ணைச் சுழற்றினார். திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். மானி அப்படி ஒரே எண்ணில் நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அந்தப் பாலத்தின் அடியைத் தண்ணீர் தொட்டதாக யாரும் பார்த்ததில்லை. அதைவிட, நிற்க வேண்டும் என்று காலையிலிருந்து உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தவள், நின்ற மாதிரி தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நம்பிவிட்டாள்.

அவள் கூப்பிட்டதும் அண்ணன் உடனே எடுத்தார். பதற்றமே இல்லாத குரல்.

"இப்பத்தான் உன்ன நினைச்சேன். வாசப்படில தண்ணி ஏறியிருக்கு பாப்பா. நீ சொல்லலன்னா பயந்தே போயிருப்பேன்."

"அண்ணே, அந்த வேன்..."

"அவரு அப்பவே போயிட்டாரே. கட்டில் காலுக்கு செங்கல் குடுத்துட்டிருக்கேன். ரெண்டு அடுக்கு போதும்ல?"

போனுக்குள் எங்கோ கனமான ஏதோ தண்ணீரில் இழுபடும் சத்தம். அதற்கும் பின்னாலிருந்து அண்ணியின் குரல், சிரிப்போடு. "ஆறு நேர்லயே வந்துடுச்சாம், நான் கேட்டுக்கறேன்னு சொல்லுங்க அவகிட்ட."

"பாப்பா? போதும்ல?"

திரை ஒருமுறை கண் சிமிட்டியது. பழைய பாலத்திலிருந்து புது அளவு வந்து விழுந்தது. அதே எண். கோடு இன்னும் கொஞ்சம் நேராக நீண்டது.