இரும்பண்ணனின் மூன்று நிறங்கள்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு ரோபோவின் கதை வைத்திருக்கிறேன்; இன்றைக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவள் நேற்று ஏணியில் நின்றபடி தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவள் சொன்னது நாலு வரி. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

1

‘வானம் சிவந்திருந்த அந்த மாலையில்...’

அடித்துவிட்டேன். வானம் எதற்கு இங்கே?

‘ஜப்பானில் ஒரு காலத்தில்...’

நான் ஜப்பானைக் கண்டேனா?

சரி, இப்படி. தம்பிக்கு மறுநாள் கண் ஆபரேஷன். ஒரு கண் முன்பே போய்விட்டது; மற்றதும் தேறுமா என்றால் பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். அதற்கு முன் என்ன பார்க்கணும் என்று அக்கா கேட்டாள். கடல் என்பான், மலை என்பான் என்று நினைத்திருந்தாள்.

“இரும்பண்ணன்” என்றான்.

(அடிக்குறிப்பாகப் போட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரும்பண்ணன், இவர்கள் சின்ன வயதில் டிவியில் வந்த ஜப்பான் கார்ட்டூன் ரோபோவுக்கு வீட்டில் வைத்த பெயர். தலை நீலம், நெஞ்சு சிவப்பு, கால் பச்சை. பறந்தால் முழுக்க நீலமாவான். விழுந்தால் முழுக்கப் பச்சை. பச்சையானால் சக்தி போச்சு என்று இரண்டும் நகத்தைக் கடிக்கும்.)

2

அக்கா எங்கெங்கோ தேடி அந்தக் கார்ட்டூனைப் பிடித்துவிட்டாள். மத்தியானம், தம்பி வீட்டுக் கூடம். தம்பி மனைவியையும் அங்கே உட்கார வைத்திருந்தேன். பட்டென்று விஷயத்தைப் போட்டு உடைக்கிற ஆள் என்பதால் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

பாட்டு முடிந்தது. இரும்பண்ணன் வந்தான். தம்பி முகம் வெளுத்துவிட்டது.

“அவன் வெள்ளையா இருக்கான்க்கா. என் கண்ணுல நிறமே போச்சு.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு...

இல்லை. அவள் அழுகிற ஆள் இல்லை. ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் வித்தியாசம் சொல்லிப் பிழைக்கிறவள், திரையை உற்றுப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளைதான்.

“எனக்கும் அப்படித்தான்டா தெரியுது.”

“சமாதானம் சொல்லாதக்கா.”

ஆபரேஷன் வேண்டாம், போனது போகட்டும் என்று எழுந்துவிட்டான்.

3

அவனை எப்படி நம்ப வைப்பது? டாக்டருக்குப் போன் போட வைத்தேன், அவர் எடுக்கவில்லை. மனைவியைத் திரும்ப வரவழைத்தேன், அது மலிவு என்று அடித்துவிட்டேன். கடைசியில் அக்காவே கண்டுபிடித்தாள், என் உதவி இல்லாமல்.

அவள் பார்வை டிவியின் விளிம்புக்குப் போனது. அந்தக் காலத்தில் பழைய டிவியின் விளிம்பில் அப்பா ஒட்டிய டேப் ஞாபகம் வந்தது. கருப்பு வெள்ளை டிவியைக் கலர் டிவியாக்க ஒரு பிளாஸ்டிக் தாள் விற்பார்கள்: மேலே நீலம், நடுவில் சிவப்பு, கீழே பச்சை. அதைத்தான் அப்பா ஒட்டியிருந்தார். கார்ட்டூனே கருப்பு வெள்ளை; இரும்பண்ணனுக்கு நிறமே கிடையாது. எங்கே நின்றானோ அந்த நிறம்.

தெருமுனைக் கடைக்கு ஓடினாள். மூன்று நிறத்தில் கண்ணாடித் தாளோடு வந்து, தொழிலுக்கு வைத்திருக்கிற டேப்பால் திரையில் ஒட்டினாள். திரும்பப் போட்டாள்.

இரும்பண்ணன் எம்பினான். நீலம்! அடிபட்டு விழுந்தான். பச்சை. தம்பியின் கை தானாக வாய்க்குப் போனது.

“எந்திரிடா, சிவப்புக்கு வந்துடு” என்றான் ஐம்பது வயசு ஆள், நகத்தைக் கடித்துக்கொண்டே. பிறகு மெல்ல அக்கா பக்கம் திரும்பினான். “அப்போ அவன் சக்தி?”

“அப்பா ஒட்டினதுடா.”

சிரித்தான் பாருங்கள், கடையிலிருந்து வந்த மனைவி பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். மறுநாள் அவனே முதல் ஆளாகச் செருப்பை மாட்டினான்.

4

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் பார்க்கிறான். மற்றதில்...

இன்று காலை முதல் முடிவை அவளுக்கு வாசித்துக் காட்டப் போனேன். பிரஷ்ஷோடு ஏணியிலிருந்து இறங்கி வந்தாள்.

“அதை எழுதாதீங்கம்மா. நாளைக்குத்தான் கட்டு அவிழ்க்கிறாங்க.”

இரண்டையும் கிழித்துவிட்டேன். அவள் பையில் அந்த மூன்று தாளும் சுருட்டி இருந்தன. நாளைக்கு முதலில் எதைப் பிடித்துக் காட்டுவாள்? அவன் என்ன சொல்வான்? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பச்சையில் விழுந்து கிடக்கிறவர்கள் எல்லாரும் சிவப்புக்கு எழுந்து வரட்டும். நீலத்தில் பறக்கிறவர்கள் நீண்ட நேரம் பறக்கட்டும்.