மங்கலான பதினோரு நொடி

கேமராவில் எடுத்த மூலக் கோப்புகள் யானை கனம். அவற்றோடு மல்லுக்கட்ட முடியாது என்பதால், 'ப்ராக்ஸி' எனப்படும் சின்ன, மங்கலான நகல்களை வைத்துத்தான் எடிட்டர் ஏழு மாதமாகப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தாள். மிச்சம் ஒரே வேலை. நகல்களை நீக்கிவிட்டு மூலங்களைக் கோக்க வேண்டும். பெயர் ஒத்துப்போனால் கம்ப்யூட்டரே கோத்துவிடும்.

பொத்தானை அழுத்தினாள். திரை முழுக்கச் சிவப்பு. ஆயிரத்து இருநூறு இடத்தில் 'கோப்பு இல்லை'.

மூல டிஸ்குகளுக்குப் பொறுப்பு இயக்குநரின் மைத்துனர். ஏழு தொழிலில் கைவைத்து ஏழிலும் சுட்டுக்கொண்டு, நாற்பது வயதில் அக்காவின் கண்ணீரைப் பிடித்துச் சினிமாவுக்குள் கரையேறியவர். டிஸ்கைத் திறந்தவளுக்குத் தலை சுற்றியது. எண்களாக இருந்த பெயர்கள் ஒன்றுகூட இல்லை. 'அழுகை சூப்பர்', 'ஹீரோ நடக்கிறார்', 'ஹீரோ மறுபடி நடக்கிறார்', 'இது என்னன்னு தெரியல'.

"யாருங்க இப்படிப் பேர் வச்சது?"

"நான்தான்," என்றார், பிள்ளை பெற்றவர் போல. "எல்லாம் வெறும் நம்பரா கெடந்துச்சு. மூணு வாரம் உக்காந்து வச்சேன். ஒரு நன்றி சொல்லலாம்ல?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சியிலும் பதிவாகியிருந்த நேரக்குறியைப் பார்த்துப் பார்த்து நான்கு நாள் கோத்தாள். ஒன்று மட்டும் சிக்கவில்லை. கடைசிக் காட்சி. தாய் வெறும் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தும் பதினோரு நொடி.

"அதுவா? ரொம்ப ஆடுச்சு. குப்பைன்னு தூக்கிட்டேன்."

"பத்திரமா வைக்கன்னு இன்னொரு டிஸ்க் குடுத்தேனே?"

"அதுலயும் தூக்கிட்டேன். ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும்ல?"

இயக்குநரிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவனை ஒரு வார்த்தை சொன்னா, வீட்ல என்னை வெளிய படுக்க வச்சிருவாம்மா. அந்த மங்கல் நகலையே போட்டுரு. எவன் பாக்கப்போறான்?"

எல்லாரும் பார்த்தார்கள். படத்தின் முதல் திரையிடல் முடிந்ததும் ஒரு விமர்சகர் எழுந்து, கண்ணைத் துடைத்தபடி கேட்டார்: "கடைசியில திடீர்னு எல்லாம் கலங்கித் தெரியுதே, அந்தத் தாயோட கண்ணீர் வழியா நம்மளப் பாக்க வச்சிட்டீங்களா?"

இயக்குநர் அரை நொடிதான் திகைத்தார். "அந்தக் கலங்கலுக்காக ஆறு மாசம் தூங்கல," என்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மைத்துனரும் எழுந்து நின்று நாலாபக்கமும் கும்பிட்டார்.

மறுநாள் காலை இயக்குநர் போனில் அழைத்தார்.

"அடுத்த படம் முழுக்கவே அந்த மாதிரி வேணும்மா. எப்ப வர்றே?"

"நான் எதுக்கு சார்? உங்க மச்சான்கிட்ட ரெண்டு டிஸ்கையும் குடுங்க. அரை மணி நேரத்துல எல்லாத்தையும் தூக்கி முடிச்சுருவாரு."

போனை வைத்துவிட்டு, ஏழு மாதத்தில் முதல் தடவையாக வயிறு குலுங்கச் சிரித்தாள்.