ஜோக்கரைக் கழித்தவள்

என் அத்தான், அதாவது அக்கா புருஷன், மேடையில் அழுது காட்டிய அன்றுதான் அந்த ஆளை ஒரு வழி பண்ணிவிடுவது என்று முடிவு செய்தேன். கவனியுங்கள், அவர் அழவில்லை. அழுது காட்டினார். அழுதது என் வீட்டுக்காரர். அதுவும் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல்.

போனில் சீட்டாடித் தோற்ற ஒரு மத்தியானம் அது. உள்ளே போனவர் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டேன், அத்தான்தான் ஓடி வந்தார். தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். ஈரத் தரையில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்த மனுஷனைத் தூக்கி நிறுத்தி, முதுகைத் தடவி, "ஒண்ணும் இல்ல சகல, நான் இருக்கேன்ல" என்றார். நான் அவர் காலில் விழாத குறை. இது நம்ம நாலு பேருக்குள்ளேயே இருக்கட்டும் அத்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் தலையை ஆட்டினார்.

அத்தான் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கூடவே ஊரில் இணையச் சூதாட்ட எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவர். அரசாங்கம் அந்த ஆட்டங்களுக்குத் தற்காலிகமாகத் தடை போட்டபோது, அதை நிரந்தரச் சட்டமாக்க வேண்டும் என்று பேருந்து நிலையம் பக்கத்தில் கூட்டம் போட்டார். நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கை தட்டத்தான் போனேன், நம்புங்கள். "என் சொந்தக் கொழுந்தியா புருஷன்" என்று ஆரம்பித்தார். அப்படியே மேடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ போச்சே, ஐயோ போச்சே" என்று விம்மினார். மூக்கை உறிஞ்சுவதுகூட அச்சு அசல். கூட்டம் முதலில் உச்சுக் கொட்டியது. அப்புறம் எவனோ பின்னாலிருந்து சிரித்தான், எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் அத்தான் எழுந்து போய்விட்டாரா? இல்லை. இன்னொரு தடவை செய்து காட்டினார்.

அந்த இரண்டாவது தடவையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முதல் தடவையை மன்னித்திருப்பேனோ என்னவோ.

என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் மெக்கானிக். அடுத்த வாரமே தெருவில் அவருக்கு 'பாத்ரூம்' என்று பெயர் விழுந்துவிட்டது. பழுது பார்க்கப் போன வீட்டில் ஒரு அம்மா, "பாத்ரூம்லதான் மெஷின் இருக்கு, உங்களுக்குப் பழக்கமான இடம்தானே" என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அவரும் சிரித்தார்.

நான் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனை பல்லில் இருக்கும், அந்த நேரம் மட்டும்தான் என் வாய் சும்மா இருக்கும். மற்றபடி என் வாயை இந்த ஊர் அறியும். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தப் பையன் என் கடைக்கு வந்தான். கழுத்தில் ஒரு பட்டை, அதில் தொங்கும் அடையாள அட்டை. ஆட்டக்காரர் உரிமைச் சங்கத்தின் ஒருங்கிணைப்பாளராம். சங்கம் என்றால் சங்கம் இல்லை, பின்னால் ஆட்ட கம்பெனி இருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒன்றும் காதில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

"தடைய எதிர்த்துப் பொதுமக்களே பேசணும்க்கா. உங்கள மாதிரி ஒருத்தங்க முன்னால நின்னா..."

"எதிர்ப்பக்கம் யார் நிக்கிறாங்கன்னு தெரியுமா?"

"இரும்புக் கடைக்காரர். உங்களுக்குச் சொந்தம்னு கேள்விப்பட்டோம். அதான் தயங்கித் தயங்கி வந்தேன்."

"தயங்காத தம்பி. உக்காரு. உன் முகம் முழுக்க வெயில்பட்டுக் கறுத்துக் கிடக்கு, பேசிக்கிட்டே ஒரு ஃபேஷியல் போட்டுடறேன்" என்றேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? அந்த ஆளு உங்கள நடுத்தெருவுல நிறுத்தியிருக்கான்."

"நிறுத்தட்டும். தடை வந்ததுல இருந்து அந்த ஆட்டம் போன்ல திறக்கவே மாட்டேங்குது. அதனாலதான் நான் ஒழுங்கா வேலைக்குப் போறேன், ஒழுங்காத் தூங்குறேன். நானா ஒண்ணும் நிறுத்தல, புரிஞ்சுக்கோ. கடைய மூடிட்டாங்க, அதனால குடிகாரன் வீட்டுல இருக்கான். நீ போயி கடையத் திறக்கச் சொல்றியே."

"நீங்க மனசு வெச்சு நிறுத்தினீங்க. உங்களையே ஏன் இப்படி மட்டம் தட்டிக்கிறீங்க?"

"மனசா?" என்றார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. ஆனால் காதுக்குள் ஏற்கெனவே 'ஐயோ போச்சே' ஓடிக்கொண்டிருந்ததே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இவர் திருந்திவிட்டார், இனி திறந்தால் என்ன மூடினால் என்ன என்று எனக்கு நானே அடித்துச் சொல்லிக்கொண்டேன்.

சங்கத்தில் முதலில் வார்த்தை சொல்லிக் கொடுத்தார்கள். 'சூது' என்ற சொல் வாயில் வரக் கூடாது. 'திறமை' என்றுதான் சொல்ல வேண்டும். 'தோத்தேன்' வேண்டாம், 'கத்துக்கிட்டேன்' என்று சொல்ல வேண்டும். எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆனாலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். என்னிடம் முடி வெட்டிக்கொண்டவள், மருதாணி போடாமல் சாயம் அடித்துக்கொண்டவள், கல்யாணத்துக்கு அலங்காரம் செய்துகொண்டவள் என்று ஒருத்தியையும் விடவில்லை. "வளர்ந்த ஆளுக்கு எது நல்லது எது கெட்டதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? அரசாங்கம் யாருடி வேண்டாம்னு சொல்ல?" என்பேன். பாதிப் பேருக்கு அந்த ஆட்டம் என்னவென்றே தெரியாது. எனக்காகத்தான் வந்தார்கள். கழுத்துப்பட்டைத் தம்பி வாயைப் பிளந்தான்.

சட்டம் நிரந்தரமாகும் முன்னால் பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஒரு குழு வந்தது. அவர்கள் முன்னால் பணம் வைக்காமல், கம்பெனியின் சோதனை ஆட்டத்தைப் பெரிய திரையில் ஆடிக் காட்டலாம், அது திறமைதான் என்று நிரூபிக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். "யாராவது நல்லா ஆடுறவங்கள வெச்சு ஆடலாம்க்கா" என்றான் தம்பி. "இல்ல, நான்தான் ஆடுவேன்" என்றேன். என் கணக்கு அவனுக்குத் தெரியாது.

என் கணக்கு இதுதான். அத்தான் சீட்டு ஆடுவார். போனில் இல்லை, மனமகிழ் மன்றத்தில். கதவை மூடிக்கொண்டு, பெரிய மனிதர்களோடு. அந்தச் சட்டம் அந்த மன்றத்தைத் தொடவே தொடாது. எங்கள் குடும்பத்துக்கு எல்லாம் தெரியும், வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. நான் போய்ச் சொன்னால், 'கொழுந்தியாவுக்குக் கோபம், என்னத்தையோ உளறுது' என்று துடைத்துப் போட்டுவிடுவார். அவர் வாயாலேயே வர வேண்டும். அவரிடம் ஒரு வியாதி உண்டு. எவனாவது சீட்டைத் தப்பாகப் போட்டால் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஒரு முறை விருந்துக்கு வந்த இடத்தில் பிள்ளைகள் தரையில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய் ஒருவன் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கித் தானே போட்டார்.

நகராட்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. குழுவுக்கு ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியம்மா தலைவர். அவருக்கு ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் அத்தானும் அவர் ஆட்களும். ஒவ்வொருவர் முன்னாலும் மேஜை மைக். அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அத்தான்தான் முதலில் பேசினார். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கை சீட்டுக்கட்டத் தொட்டதே இல்லம்மா. ராஜா எது, ராணி எதுன்னுகூட எனக்குத் தெரியாது. அப்படி வளர்ந்த குடும்பம் நாங்க."

கை தட்டல். பேசி முடித்தவர் மைக்கை அணைக்கவில்லை. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் பார்த்தேன், பேசாமல் இருந்தேன்.

திரையில் என் சீட்டுகள் விரிந்தன. ஆடத் தெரியாதவர்களுக்காக நீதிபதியம்மா கேட்க, தம்பி விளக்கினான். கையில் இருப்பதை வரிசையாகவும், ஒரே மாதிரிச் சீட்டுகளை மூன்று மூன்றாகவும் சேர்க்க வேண்டும், ஒரு சீட்டை எடுத்தால் ஒரு சீட்டைக் கழிக்க வேண்டும், ஜோக்கர் வந்தால் அது எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் நிற்கும். நான் ஆடத் தொடங்கினேன். முதலில் ஒழுங்காக ஆடினேன். பிறகு வரிசைக்கு வேண்டிய ஒரு எட்டைத் தூக்கிக் கழித்தேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தானின் முழங்கால் ஆடியது. அடுத்து ஒரு ராணியைக் கழித்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டார். துடிக்கட்டும் என்று மெதுவாக ஆடினேன். ஒவ்வொரு சீட்டுக்கும் விரலைக் கையிலிருந்த போன்மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து யோசித்தேன். அப்படி ஒரு சுகத்தை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

கடைசியில் வரிசைகள் எல்லாம் சேர்ந்து நின்றன. இரண்டு ராஜாக்கள் மட்டும் மூன்றாவதற்குக் காத்திருந்தார்கள். சீட்டை எடுத்தேன். ஜோக்கர்! குழந்தையும் ஜெயித்துவிடும். நான் ஜோக்கரைத் தொட்டு, கழிக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏய் ஏய் ஏய்!"

கூடம் முழுக்க ஒலிபெருக்கியில் அதிர்ந்தது. அத்தான் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஜோக்கரையா கழிக்கிற? அறிவிருக்கா உனக்கு? ராஜாவோட சேருடி! சேத்துக் கவுத்தா ஆட்டம் முடிஞ்சுது! மன்றத்துல இப்படி ஆடினா செருப்பாலயே..."

அப்போதுதான் அவருக்குத் தன் குரல் கேட்டது. கை நீட்டியபடி அப்படியே நின்றார். நீதிபதியம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார்.

"ராஜா எதுன்னு தெரியாதுன்னீங்களே?"

பிறகு எழுந்த சிரிப்பு இருக்கிறதே, கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது. "எந்த மன்றம்ணே?" என்று ஒருவன் கத்தினான். சங்கத்துக்காக வந்திருந்த வக்கீல் சந்தர்ப்பத்தை விடவில்லை. "பார்த்துக்கிட்டிருந்த ஒருத்தரே எது சரியான ஆட்டம்னு சொல்றாரே, இதவிடத் திறமைக்கு வேற சாட்சி வேணுமா?" என்று கேட்டார். நான் மைக்கை எடுத்தேன். பேச என்னவெல்லாமோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. எழுந்து, ஒரு கையை நீட்டி, கண்ணை உருட்டி, "ஏய் ஏய் ஏய்! ஜோக்கரையா கழிக்கிற!" என்று செய்து காட்டினேன். சிரித்தார்கள். இன்னொரு தடவையும் செய்து காட்டினேன்.

அக்கா எழுந்து வெளியே போனாள். போகட்டும் என்று இருந்தது. அன்று சாயங்காலமே அத்தானுக்கு ஊரில் 'ஜோக்கர்' என்று பெயர் வந்துவிட்டது. கடையில் ஆணி வாங்க வந்தவன்கூட, "ஒரு கிலோ ஆணி கழிங்கண்ணே" என்று கேட்டானாம். அவர் தலைவர் பதவியை விட்டார். மன்றத்துப் பெரிய மனிதர்கள் அவரைக் கண்டால் காரை நிறுத்துவதில்லை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இப்போதும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

கொஞ்ச நாளில் தடையை எடுத்துவிட்டார்கள். செய்தி வந்தபோது பார்லரில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு கூச்சல் போட்டார்கள். தம்பி பெரிய கேக் வாங்கி வந்து, "தலைவி வெட்டணும்" என்றான். மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரர் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு மெஷினின் மோட்டார் பிரித்துப் போட்டபடி கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் ஒரு கையில், போன் மறு கையில்.

"ஜெயிச்சுட்டோம்ங்க" என்றேன்.

"தெரியும். எனக்கும் செய்தி வந்துச்சு." போனைத் திருப்பிக் காட்டினார். கம்பெனிக்காரன் அனுப்பியிருந்தான். மீண்டும் வருக, பழைய ஆட்டக்காரருக்கு முதல் ஆட்டம் இலவசம்.

"அழிச்சுடுங்க அத."

"காலையில இருந்து கையில வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ வரட்டும்னு. நீ வந்து வேண்டாம்னு சொன்னா விட்டுடலாம்னு நெனச்சேன். சொல்லு."

"வேண்டாம்."

"இன்னும் ஒரு தடவ சொல்லு."

"வேண்டாங்க! உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன், வேண்டாம்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. கட்டைவிரல் மட்டும் தானாகப் போய்த் திரையில் அமர்ந்தது.

"சட்டம் சொன்னப்ப கேட்டுச்சுடி இந்தக் கை" என்றார். "நீ சொன்னா கேக்க மாட்டேங்குது."

திரையில் பதின்மூன்று சீட்டுகள் விரிந்தன.