கால் மேல் கால்

சலவை இயந்திரம் ஓடாதவர்களும், ஓடி நிற்காதவர்களும் போன் போட்டுத் திட்டுகிற அலுவலகம் அது. அங்கே பதினோரு வருடமாகத் திட்டு வாங்குகிறவளுக்கு ‘ஹோல்டு அக்கா’ என்று பெயர். “உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம், கொஞ்சம் லைன்லயே இருங்க” என்று அவள் சொன்னால், கொலைவெறியில் கூப்பிட்டவன்கூட ஐந்து நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டு கிடப்பான்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி. இருக்கிற நாற்காலியின் லிவர் போய்விட்டது. காலையில் இழுத்து உயர்த்தி உட்காருவாள். மதியத்துக்குள் அது இறங்கி இறங்கி, மேசை விளிம்பு தாடைக்கு வந்துவிடும். அதில் இடது இடுப்பு போச்சு. போன மாதம் மகளுக்கு ஷூ மாட்டிவிடக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றாள். “விடும்மா, நானே போட்டுக்கறேன்” என்று ஆறு வயசு சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஏழு மனு கொடுத்தாள். ஆறு, கிணற்றில் போட்ட கல். மேலாளருக்குப் பட்டப்பெயர் ‘சர்க்குலர்’. மின்விசிறி நின்றாலும் மனுஷன் சர்க்குலர்தான் விடுவார், காற்று வராது. ஏழாவது மனுவுக்கு ஒரு சர்க்குலர் வந்தது: ஊழியர் நலன் கருதி இனி தினமும் மதியம் யின் யோகா வகுப்பு.

“நாற்காலி கேட்டா யோகாவா? வயித்துவலின்னு போனா தலை சீவி விடுவாங்க போலக்கா” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

மீட்டிங் ரூமில் மேசையை ஓரங்கட்டிப் பாய் விரித்தார்கள். யோகா டீச்சர் நல்ல பெண்மணி, அவரைக் குறை சொல்ல முடியாது.

“முறுக்க வேண்டாம், தம் கட்ட வேண்டாம். ஒரு நிலைக்குப் போய், தசையைத் தளர்த்தி விட்டுட்டு, மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம் அப்படியே இருங்க. மூட்டைச் சுத்தி இறுகினது மெதுவா இளகும். சுருக்குனு குத்தினா வெளிய வந்துடுங்க. சும்மா இழுத்துப் பிடிச்சா ஓடாதீங்க, அங்கயே இருங்க.”

அட, என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றாங்களே! ஹோல்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது நிமிடம் சிரிப்பு போயிற்று. நான்காவது நிமிடம், வாடிக்கையாளர்கள் தன்னைத் திட்டிய அத்தனையையும் மனதுக்குள் டீச்சரைத் திட்டினாள். ஐந்தாவது நிமிடம் இடுப்புக்குள் ஏதோ மெல்ல விட்டுக்கொடுத்தது. பொய் சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

என்ன பிரயோஜனம்? மதியம் இளகியதை மாலைக்குள் நாற்காலி மறுபடி இறுக்கிவிடும். மூன்று வாரம் இதே கூத்து.

தலைமை அலுவலகம் யோகாவைப் பாராட்டியது. சர்க்குலருக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே இன்னொரு சர்க்குலர் விட்டார்: ‘யின் நிலையை நாற்காலியிலும் பழகலாம். அந்நிலையில் இருக்கும் ஊழியரை யாரும் எக்காரணம் கொண்டும் எழுப்பக் கூடாது. இப்படிக்கு, மேலாளர்.’

ஹோல்டு அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

மறுநாள் காலை தலைமை அலுவலகத்தோடு வீடியோ மீட்டிங். மேலாளர் முகம் கழுவிவிட்டு வந்தால், அவருடைய தோல் நாற்காலியில் ஹோல்டு அக்கா! கால் மேல் கால் போட்டு, அதாவது கணுக்காலை முழங்காலில் ஏற்றி, முன்னால் சரிந்து, அவர் ஃபைல் மேல் நெற்றியை வைத்து, கண்ணை மூடியிருந்தாள். அவர் விட்ட சர்க்குலர் காகிதம் பக்கத்திலேயே இருந்தது.

“என்னம்மா இது? எழுந்திரும்மா!”

அவர் காகிதத்தைப் பார்த்தார். வாசலில் கூடிவிட்ட ஊழியர்களைப் பார்த்தார். குரல் தானாக இறங்கியது.

“இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?”

கண்ணைத் திறக்காமலே, போனில் பேசுகிற தேன் குரலில் சொன்னாள்: “உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார். கொஞ்சம் லைன்லயே இருங்க.”

மீட்டிங் மணி அடித்ததும் வாசலில் நின்றவர்கள் அவரவர் சீட்டுக்கு ஓடினார்கள். மனுஷன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். அது யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

“நம்ம ஊழியர்களோட சௌகரியம்தான் எனக்கு மூச்சு சார்” என்று ஆரம்பித்தபோது கேமராவில் கழுத்து வரை தெரிந்தார். பேசப் பேச மூக்கு வரை ஆனார், பிறகு நெற்றி மட்டும். அப்புறம் வெறும் சுவர்.

“ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்றது தலைமை அலுவலகம்.

“இருக்கேன் சார்” என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

மூன்றாம் நாள் புது நாற்காலி வந்தது, சர்க்குலர் இல்லாமலே. யோகாவை அவள் விடவில்லை. இப்போது இளகியது இளகியபடியே நின்றது. மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, ஷூவோடு மகள் முன்னால் குனிந்தாள்.

“விடும்மா, நானே போட்டுக்கறேன்.”

“பேசாம அப்படியே இருடி” என்றாள் அம்மா. இரண்டு ஷூவையும் மாட்டி, நாடாவை அவிழ்த்து, இன்னொரு தடவை கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.